முடிச்சே போடாமல் கயிற்றை இணைப்பது எப்படி? மாலுமிகளின் மார்லின்ஸ்பைக்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு கருவியைப் பத்திப் பேசப்போறேன். ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பியைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரு பக்கம் கட்டைவிரல் தடிமன் இருக்கு. அங்கிருந்து கூம்பிக்கிட்டே போய் இன்னொரு பக்கம் முனையா முடியுது. பார்த்தா ஏதோ ஆயுதம் மாதிரி தெரியும். ஆனா அந்த முனையில விரலை வெச்சு அழுத்தினீங்கன்னா குத்தாது. முனை கூர்மையா இருக்காது, லேசாத் தட்டி தட்டையாக்கியிருப்பாங்க. தடிமனான பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கும். அதுல ஒரு மெல்லிய கயிறு கட்டியிருக்கும்.

இதோட பேரு மார்லின்ஸ்பைக். டின்டின் காமிக்ஸை ஆங்கிலத்துல படிச்சவங்களுக்கு இந்தப் பேரு ஞாபகம் வரலாம். கேப்டன் ஹேடக்கோட மாளிகைக்கு ஆங்கில மொழிபெயர்ப்புல 'மார்லின்ஸ்பைக் ஹால்'னுதான் பேரு. ஓய்வுபெற்ற ஒரு மாலுமியோட வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேரு கிடைக்காது.

மூக்கு ஈட்டி மாதிரி நீண்டிருக்கிற மார்லின் மீன் இருக்கு இல்லையா? அந்த மீனைப் பார்த்துக் கருவிக்குப் பேரு வெச்சாங்கன்னு நினைக்கத் தோணும். உண்மை நேர் எதிர். கருவிதான் முதல்ல வந்தது. மூக்கு இந்தக் கருவி மாதிரியே இருக்குன்னு மீனுக்கு அந்தப் பேரை வெச்சாங்க. கப்பல்ல கயிறுகளைச் சுத்திக் கட்டப் பயன்படுத்தின தார் பூசிய மெல்லிய கயிறுக்கு மார்லின்னு பேரு. டச்சு மொழியில 'கட்டு'ங்கிற பொருள் தர்ற சொல்லிலிருந்து அது வந்தது.

சரி, குத்தவும் முடியாது, வெட்டவும் முடியாது. அப்போ இந்தக் கம்பியை வெச்சு என்னதான் பண்ணுவாங்க? கயிற்றைத் திறப்பாங்க. இந்த எபிசோட் முழுக்க நான் சொல்லப்போறது அந்த ஒரு வேலையைப் பத்தித்தான்.

கயிறு ஏன் பிரிஞ்சு போறதில்லை?

முதல்ல கயிறு எப்படிக் கயிறா நிக்குதுன்னு பார்ப்போம். சணல், தேங்காய் நார், பருத்தின்னு எந்த நாரை எடுத்தாலும் ஒரு தனி நார் குட்டையானது, பலவீனமானது. நிறைய நார்களை ஒரு பக்கமா முறுக்கினா இழை கிடைக்கும். பல இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமா முறுக்கினா அது ஒரு புரி. மூணு புரிகளைச் சேர்த்து, மறுபடி எதிர்ப்பக்கமா முறுக்கினா கயிறு.

இதுல சூட்சுமம் அந்த 'எதிர்ப்பக்கம்'தான். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கப் பார்க்கும். அது அவிழப் பார்க்கிற திசையிலதான் கயிறு முறுக்கியிருக்கு. அதனால புரி அவிழ முயற்சி பண்ணும்போதெல்லாம் கயிறு இன்னும் இறுகுது. பசை கிடையாது, தையல் கிடையாது. ரெண்டு எதிரெதிர் முறுக்கும், நடுவுல இருக்கிற உராய்வும் மட்டும்தான்.

புரிங்கிற சொல் நமக்குப் புதுசு இல்லை. முப்புரிநூல்னு சொல்றோம். சங்க காலத்துல ஒரு புலவரோட பேரே தேய்புரிப் பழங்கயிற்றினார். தேய்ந்த புரிகளோட இருக்கிற பழைய கயிறு ஒண்ணை ரெண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி ஒருத்தன் மனசு அல்லாடுறதை நற்றிணையில பாடினவர். அவரோட சொந்தப் பேரு நமக்குக் கிடைக்கலை. அந்தக் கயிறுதான் பேரா நின்னுடுச்சு.

கயிறுங்கிற சொல்லும் கப்பல் ஏறிப் போயிருக்கு. தேங்காய் நாரை ஆங்கிலத்துல 'காயர்'னு சொல்றது மலையாளத்தோட 'கயறு'விலிருந்து வந்தது. நம்ம கயிறும் அதுவும் ஒரே சொல்தான். 'கட்டமரான்' தமிழோட கட்டுமரம்னு உங்களுக்கே தெரியும். மரங்களைக் கயிறால சேர்த்துக் கட்டினதாலதான் அது கட்டுமரம்.

முடிச்சுல என்ன பிரச்சனை?

ரெண்டு கயிற்றை இணைக்கணும்னா நாம எல்லாரும் முடிச்சுதான் போடுவோம். வீட்டு வேலைக்கு அது போதும். ஆனா முடிச்சு கயிற்றோட பலத்தைக் குறைச்சிடும்.

உங்க போன் சார்ஜர் வயர் எங்கே முதல்ல உடையும்? ப்ளக் பக்கத்துல, கழுத்து மடங்குற இடத்துல. நடுவுல உடையுறது அபூர்வம். கயிற்றுலயும் அதே கதைதான். முடிச்சுக்குள்ள கயிறு ரொம்பச் சின்ன வளைவுல மடங்குது. வளைவோட வெளிப்பக்கத்து நார்கள் விறைச்சு நிக்கும், உள்பக்கத்து நார்கள் தளர்ந்து கிடக்கும். அப்போ மொத்த பாரத்தையும் பாதி நார்கள்தான் தாங்குது. அதுங்க அறுந்ததும் மீதி நார்கள் மேல பாரம் விழும். அதுவும் அறும்.

பல முடிச்சுகள் கயிற்றோட பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல குறைச்சிடும். சிலது பாதி வரைக்கும் குறைக்கும். முடிச்சுகளிலேயே நல்ல பேரு வாங்கின போலைன்கூட கயிற்றோட பலத்துல சுமார் 60 முதல் 70 சதவீதத்தைத்தான் காப்பாத்தும். இன்னொரு தொல்லையும் உண்டு. முடிச்சு பெருசா புடைச்சுக்கிட்டு நிக்கும். கப்பியோட சக்கரத்துக்குள்ள அது போகவே போகாது.

இதுக்கு மாலுமிகள் வெச்சிருந்த பதில் ஸ்பிளைஸ். கயிற்றோட நுனியைப் பிரிச்சு, அந்தப் புரிகளைக் கயிற்றோட உடம்புக்குள்ளயே பின்னிவிடுறது. ஒழுங்காப் போட்ட ஸ்பிளைஸ் கயிற்றோட பலத்துல சுமார் 90 சதவீதத்தையோ அதுக்கு மேலேயோ காப்பாத்தும். காரணம், அங்கே சின்ன வளைவு எதுவும் இல்லை. பாரம் ஒரு புரியிலிருந்து இன்னொரு புரிக்குப் பல இடங்கள்ல கொஞ்சம் கொஞ்சமா கைமாறுது.

ஆனா இறுக்கமா முறுக்கின கயிற்றுக்குள்ள இன்னொரு புரியை எப்படி நுழைக்கிறது? கைவிரலால முடியாது. கத்தியை விட்டா நார் அறுந்துடும். நாரை அறுக்காம, ரெண்டு புரிகளுக்கு நடுவுல வழுக்கிக்கிட்டுப் போய் வழிவிடச் சொல்ற ஒரு கருவி வேணும். மார்லின்ஸ்பைக் மழுங்கலா இருக்கிறதுக்கு இதுதான் காரணம். தட்டையான முனையைப் புரிகளோட இடுக்குல நுழைச்சு, அப்படியே திருப்புவாங்க. வாய் திறக்கும்.

நாமளே ஒண்ணு போட்டுப் பார்ப்போம்

இந்த எபிசோடுக்காக நான் ஹார்டுவேர் கடையில ரெண்டு மீட்டர் முப்புரி நைலான் கயிறு வாங்கி, கண் ஸ்பிளைஸ் போட்டுப் பார்த்தேன். நுனியில நிரந்தரமா ஒரு வளையம் போடுறதுதான் கண் ஸ்பிளைஸ். படகைத் துறையில கட்டுற கயிறுகள்ல நீங்க பார்த்திருப்பீங்க. ஸ்பைக்குக்குப் பதிலா நான் பயன்படுத்தினது நூடுல்ஸ் சாப்பிடுற சாப்ஸ்டிக். பேனா மூடியோட முனைகூடப் போதும்.

முதல்ல நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மூணு புரிகளையும் பிரிச்சிடுங்க. அதுக்கு மேல பிரிஞ்சு போகாம இருக்க அந்த இடத்துல டேப் சுத்துங்க. ஒவ்வொரு புரியோட நுனியிலும் டேப் ஒட்டுங்க. இல்லைன்னா அது பூ மாதிரி விரிஞ்சுடும்.

இப்போ கயிற்றை மடக்கி வளையம் பண்ணுங்க. வளையம் உங்க பக்கமாவும், முழுக்கயிறு உங்களுக்கு எதிர்ப்பக்கமாவும் இருக்கட்டும். பிரிச்ச மூணு புரிகளும் முழுக்கயிற்று மேல படுத்திருக்கும். சாப்ஸ்டிக்கால முழுக்கயிற்றுல ஒரே ஒரு புரியைத் தூக்குங்க. நடுப்புரியை அதுக்கு அடியில, வலதுபக்கத்துலேர்ந்து இடதுபக்கமா விடுங்க. கடையில கிடைக்கிற முப்புரிக் கயிறு பெரும்பாலும் வலதுமுறுக்கு. அதனால வலமிருந்து இடமாப் போனா முறுக்குக்கு எதிரா போறோம்னு அர்த்தம்.

அடுத்து இடதுபக்கப் புரி. இப்போ தூக்கின அதே புரிக்கு மேலே போய், அதுக்கு அடுத்த புரிக்கு அடியில நுழையணும். அப்புறம் எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க. முழுக்கயிற்றுல இன்னும் ஒரு புரி பாக்கி இருக்கும். மூணாவது புரி அதுக்கு அடியில, அதே மாதிரி வலமிருந்து இடமா. சரியாப் போட்டிருந்தா, கயிற்றோட ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் ஒரு புரி வெளியே எட்டிப் பார்க்கும். மூணும் ஒரே மட்டத்துல இருக்கும்.

இதுக்குமேல ஒரே விதிதான்: ஒண்ணுக்கு மேலே, அடுத்ததுக்கு அடியிலே. மூணு புரியையும் இப்படி ஒரு சுத்து விட்டா ஒரு வரிசை. சணல் மாதிரி சொரசொரப்பான கயிறுக்கு மூணு வரிசை போதும். நைலான் வழுக்கும், அதனால குறைஞ்சது அஞ்சு வரிசை. கடைசியில தரையில வெச்சுக் காலால உருட்டினா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உட்கார்ந்துடும்.

முடிச்சுட்டு வளையத்தை ஜன்னல் கம்பியில மாட்டி இழுத்துப் பாருங்க. இழுக்க இழுக்க, முழுக்கயிற்றோட புரிகள் இறுகி, உள்ளே நுழைஞ்ச புரிகளைக் கவ்விப் பிடிக்கும். எவ்வளவு பலமா இழுக்கிறீங்களோ அவ்வளவு பலமாப் பிடிக்கும். பாரத்தையே பிடிமானமா மாத்துற அமைப்பு இது.

26 மைல் கயிறு

நாம ரெண்டு மீட்டர் கயிற்றுல பண்ணினதை ஒரு போர்க்கப்பல் அளவுக்குப் பெருசு பண்ணிப் பாருங்க. 1805-ல் டிரஃபால்கர் போர்ல நெல்சனோட கப்பலா இருந்த ஹெச்.எம்.எஸ். விக்டரியில சுமார் 26 மைல் கயிறு இருந்தது. ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அதாவது ஒரு மாரத்தான் ஓட்டத்தோட தூரம். காத்துல உரசி, உப்புல ஊறி, வெயில்ல காய்ஞ்சு ஏதாவது ஒரு கயிறு எப்பவும் நைஞ்சுக்கிட்டே இருக்கும். நடுக்கடல்ல புதுக்கயிறு வாங்கக் கடை கிடையாது. நைஞ்ச இடத்தை வெட்டிட்டு, நல்ல முனைகளை ஸ்பிளைஸ் பண்றது தினசரி வேலை.

அதுலயும் வகைகள் உண்டு. குட்டை ஸ்பிளைஸ் சீக்கிரம் முடியும், பலமாவும் இருக்கும், ஆனா அந்த இடம் தடிச்சிடும். கப்பிக்குள்ள ஓடவேண்டிய கயிறுன்னா நெட்டை ஸ்பிளைஸ் போடணும். அது பல அடி நீளத்துக்குப் போகும். ஆனா கயிற்றோட தடிமன் மாறவே மாறாது.

பல நேரம் இந்த வேலை பாய்மரத்து உச்சியில நடக்கும். விக்டரியோட நடுமரம் தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். அங்கேயிருந்து ஒரு இரும்புக் கம்பி கைநழுவி விழுந்தா கீழே நிக்கிறவர் கதி என்ன? ஸ்பைக்கோட தலையில ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கழுத்துலயோ இடுப்புலயோ மாட்டிக்கிட்டது அதனாலதான்.

கயிற்று வேலையில கைதேர்றதுதான் ஒரு நல்ல மாலுமிக்கு அடையாளம். ஆங்கிலத்துல அந்த மொத்தக் கலைக்கும் இன்னைக்கும் 'மார்லின்ஸ்பைக் சீமன்ஷிப்'னுதான் பேரு. பிரிட்டிஷ் கடற்படையில 'மெயின்பிரேஸை ஸ்பிளைஸ் பண்ணு'ன்னு ஒரு உத்தரவு உண்டு. மெயின்பிரேஸ்ங்கிறது பெரிய பாயைத் திருப்புற தடிமனான கயிறு. அதை ஸ்பிளைஸ் பண்றது அவ்வளவு கஷ்டமான வேலை, முடிச்சா கூடுதல் ரம் கிடைக்கும். நாளடைவுல உண்மையான வேலை மறைஞ்சுபோய், 'எல்லாருக்கும் ஒரு சுத்து ரம்'னு மட்டும் அந்த உத்தரவுக்கு அர்த்தமாயிடுச்சு. தினசரி ரம் படி 1970 ஜூலை 31-ஓட நின்னுபோச்சு. உத்தரவு மட்டும் விசேஷ நாட்களுக்காக இன்னும் இருக்கு.

இரும்பு ஸ்பைக்குக்கு ஒரு அண்ணன் உண்டு. பேரு ஃபிட். அதே கூம்பு வடிவம், ஆனா மரத்துலயோ எலும்புலயோ செஞ்சது. தடிமனான நார்க்கயிறுக்கு இதுதான் தோது. தண்ணியில போட்டா மூழ்கிப்போற அளவுக்கு அடர்த்தியான, தானே எண்ணெய்ப்பசை உள்ள லிக்னம் வைட்டே மரத்துல பண்ணுவாங்க. 19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவோட நியூ பெட்ஃபோர்ட் மாதிரி துறைமுகங்களிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் போன மாலுமிகள், ஒரே பயணத்துல மூணு நாலு வருஷம் கடல்ல கிடப்பாங்க. கொன்ன திமிங்கிலத்தோட தாடை எலும்பிலேயே ஃபிட் செதுக்கிக்கிட்டாங்க. அருங்காட்சியகங்கள்ல அதுங்க இன்னைக்கும் வழுவழுன்னு இருக்கு.

அதே நியூ பெட்ஃபோர்ட்ல பிறந்த ஓவியர் கிளிஃபோர்ட் ஆஷ்லி, 1904-ல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல்ல போனவர். பாய்மரக் கப்பல் காலம் முடியுறதைக் கண்ணால பார்த்தவர். 1944-ல் 'தி ஆஷ்லி புக் ஆஃப் நாட்ஸ்' வெளியாச்சு. 3,800-க்கும் அதிகமான முடிச்சுகளும் ஸ்பிளைஸ்களும் அவரே வரைஞ்ச படங்களோட இருக்கு. கயிற்றுக்காரங்க இன்னைக்கும் ஒரு முடிச்சைச் சொல்லும்போது அந்தப் புத்தகத்து எண்ணைச் சொல்றாங்க.

கயிறு மாறிச்சு, வேலை மாறலை

1830-களில் ஜெர்மனியோட ஹார்ஸ் மலைச் சுரங்கங்கள்ல வில்ஹெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு செஞ்சார். அடுத்த சில பத்தாண்டுகள்ல அது கப்பலுக்கும் வந்தது. மர ஃபிட்டால இரும்புக் கயிற்றைத் திறக்க முடியாது, அங்கே எஃகு ஸ்பைக்தான் வேணும். அப்புறம் நைலான் வந்தது. ஒரு கூட்டுக்குள்ள இன்னொரு கூடா பின்னின கயிறுகள் வந்தன. இந்தப் பின்னல் கயிறுல தூக்கிவிட புரியே கிடையாது. அதுக்கு ஃபிட் குழாயா மாறிச்சு. கயிற்றோட நுனியைக் குழாய்க்குள்ள செருகி, கயிற்றோட வயித்துக்குள்ளேயே தள்ளிவிடுவாங்க. ரெண்டு பக்கமும் விரலை விட்டு இழுத்தா இறுகிக்கிற ஓலைப் பின்னல் விளையாட்டுச் சாமான் பார்த்திருப்பீங்க இல்லையா, அதே தத்துவம். இழுத்தா பின்னல் ஒடுங்கி உள்ளே இருக்கிற வாலைப் பிடிச்சுக்கும்.

ஃபிட் ஒரு அளவாவே ஆயிடுச்சு. பின்னல் கயிறு வேலையில ஒரு 'ஃபிட் நீளம்'னா கயிற்றோட விட்டத்தைப் போல சுமார் 21 மடங்கு. 24 மில்லிமீட்டர் கயிறுக்கு ஏறக்குறைய அரை மீட்டர்.

உள்ளே பார்க்கிறது

இதுவரைக்கும் இணைக்கிறதுக்காகத் திறக்கிறதைப் பார்த்தோம். ஸ்பைக்குக்கு இன்னொரு வேலை இருக்கு. பார்க்கிறதுக்காகத் திறக்கிறது.

கயிறு வெளியே நல்லா இருந்து உள்ளே செத்துப்போயிருக்கலாம். மணல் உள்ளே புகுந்து ஒவ்வொரு இழுப்புக்கும் நாரை அறுத்துக்கிட்டே இருக்கும். ஈரம் தங்கி உள்ளே மட்டும் மக்கியிருக்கும். அதனால ஸ்பைக்கை நுழைச்சு அங்கங்கே வாய் திறந்து பார்ப்பாங்க. உள்ளே தூள் கொட்டுதா, நிறம் மாறியிருக்கா, இழை அறுந்திருக்கா, மக்கின வாடை வருதா? பதில் ஆமாம்னா கயிறுக்கு ஓய்வு.

இது பழைய கதை இல்லை. 2015 மார்ச்ல, பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியோட மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்துல, ஸார்காங்கிற திரவ எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது ஒரு கயிறு அறுந்தது. சாதாரணக் கயிறு இல்லை, எஃகுக்கு நிகரான பலம் உள்ள நவீன செயற்கை நார். இந்த வகைக் கயிறு அதிகம் நீளாது, அதனால அறுந்தாலும் சாட்டை மாதிரி திரும்பி அடிக்காதுங்கிறது பரவலான நம்பிக்கை. ஆனா அதோட முனையில நீளக்கூடிய இன்னொரு கயிறும் இணைஞ்சிருந்தது. அறுந்த கயிறு திரும்பி வந்து அடிச்சதுல, கப்பல் அதிகாரி ஒருத்தருக்குத் தலையில பலத்த காயம். பிரிட்டனோட கடல்விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்ஞ்சப்போ, உள்நார்கள் திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டு மடங்கி நைஞ்சுபோயிருந்தது தெரிஞ்சது. கயிற்றுக்கு மேல உறை இருந்ததால வெளியேயிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கப்பலைத் துறையில கட்டுற கயிறுகளை முறையாச் சோதிச்சு, பராமரிச்சு, பதிவு வெச்சுக்கணும்னு சோலாஸ் சர்வதேச உடன்படிக்கையில புது விதி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கு. பாய்மரக் கப்பல் மாலுமி ஸ்பைக்கால பண்ணினதை இப்போ சட்டம் கேட்குது.

நமக்கும் இதுல ஒரு பயன் உண்டு. உங்க வீட்டு ஊஞ்சலோ, மாடியில கட்டின ஹேமக்கோ, கார் இழுக்கிற கயிறோ முறுக்குக் கயிறா இருந்தா, ரெண்டு கையாலயும் பிடிச்சு முறுக்குக்கு எதிரா திருகுங்க. புரிகள் கொஞ்சம் விலகும். இறுக்கமா இருந்தா அதே சாப்ஸ்டிக். கொக்கியில மாட்டியிருக்கிற இடத்தையும், எப்பவும் ஒரே பக்கம் மடங்குற இடத்தையும் முதல்ல பாருங்க. வெளியே அழுக்கா இருந்து உள்ளே பளிச்சுன்னு இருந்தா கவலை இல்லை. உள்ளே தூள் கொட்டினா அதுல குழந்தையை உட்கார வைக்காதீங்க. இன்னைக்கே மாத்திடுங்க.

கண் ஸ்பிளைஸ் போட்டுப் பார்த்தீங்கன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க. எத்தனை வரிசை போட்டீங்கன்னும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.